புண் காய வேண்டுமா, ஆற வேண்டுமா?

மாணவர்களே, காலில் காயம் பட்டால் பாட்டி என்ன சொல்வார்? “மூடாதே, காற்றுப் படட்டும், சீக்கிரம் காய்ந்துவிடும்.” நாமும் ‘புண் காய்ந்துவிட்டதா’ என்றுதான் விசாரிக்கிறோம்.

1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பன்றிகளின் தோலில் ஆழமற்ற காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதிய மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காயம் மூட, ஓரத்திலுள்ள மேல்தோல் செல்கள் நடுவை நோக்கி நகர வேண்டும். ஈரமான பரப்பில் அவை எளிதாக நகரும். காய்ந்த புண்ணிலோ பொருக்கு தடுக்கும். அதற்கு அடியில் ஈரத்தைத் தேடிக் குடைந்து செல்ல வேண்டும்.

ஆனால், விண்டர் ஆராய்ந்தது புதிய காயம். இனிப்புநீர் உள்ளவர்களின் பாதத்தில் மாதக்கணக்கில் ஆறாதிருக்கும் புண்ணின் கதை வேறு. அங்கே அழற்சி தணிவதில்லை. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் புண்நீரில் மிகுந்து, புதிதாக உருவாகும் கொலாஜனையே அரிக்கின்றன. கொத்தனார் ஒரு பக்கம் சுவர் எழுப்ப, மறுபக்கம் ஒருவர் இடிப்பதைப் போல! நீர் அதிகமானால் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறி வெளுத்துவிடும். ஈரம் வேண்டும், வெள்ளம் கூடாது.

இந்த அளவைக் காப்பதுதான் கட்டின் வேலை. வறண்ட புண்ணுக்கு நீர் தரும் ஹைட்ரோஜெல். நீர் வடியும் புண்ணுக்கு உறிஞ்சும் ஃபோம். எனக்குப் பிடித்தது அல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் இந்த இழைகளில் கால்சியம் அயனிகள் உள்ளன. புண்நீரிலுள்ள சோடியம் அயனிகள் அவற்றின் இடத்தைப் பிடிக்க, இழை நீரை உறிஞ்சிக் கூழாகிறது. வேதியியல் வகுப்பில் படிக்கும் அயனிப் பரிமாற்றம்தான்!

எல்லாப் புண்ணுக்கும் ஏற்ற ஒரே கட்டு கிடையாது. பாதப்புண்ணின்மீது உடல் எடை அழுந்திக்கொண்டே இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கட்டும் பலன் தராது.

சாதாரண காஸ் துணி காய்ந்தால், புதிதாக வளர்ந்த சிவந்த திசுவோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென இழுத்தால் அந்தத் திசுவும் பிய்ந்து வரும். கிளினிக்கில் தாதி உப்புநீர் ஊற்றி, ஊறிய பிறகே அதை மெல்லப் பிரிப்பது இதனால்தான்.