குண்டைப் பிடிக்கும் நூல்

அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இருப்பதை பெங்களூர்த் தமிழர்களில் அறியாதவர் இல்லை. அப்படை வீரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றே அழைப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கையின் மகனும் அப்படி ஒரு தம்பிதான். அவனுக்குக் காஷ்மீருக்கு மாற்றல் வந்த வாரம், அவள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க அந்த மாதிரித் துணியிலதானே வேலை பார்த்தீங்க? குண்டு துளைக்காத சட்டைன்னு சொல்றாங்களே, அது நெசமாவே தாங்குமா?"

பீன்யா தொழிற்பேட்டையில் இழைக்கூட்டுப் பொருள்கள் செய்யும் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவன் நான். அவளுக்கு அன்று சொன்னதையே சங்க அன்பர்களுக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

என் தகப்பனார் குடியாத்தத்தில் கைத்தறி நெய்தவர். பாவும் ஊடையும் பார்த்து வளர்ந்த எனக்கு, பட்டறையில் முதன்முதலாகக் கெவ்லார் துணியைப் பார்த்தபோது வியப்பொன்றும் ஏற்படவில்லை. பொன் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒரு முரட்டுத் துணி என்றே நினைத்தேன். கத்தரிக்கோலை வைத்ததும்தான் சங்கதி புரிந்தது. வெட்டு விழவில்லை; துணி கத்தரியின் இரு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொண்டு வழுக்கியது. அதற்கென்று பல் வைத்த தனிக் கத்தரி உண்டு என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

நூலால் குண்டைத் தடுக்கும் எண்ணம் பழையது. 1890களில் சிகாகோவில் காசிமிர் ஜெக்லன் என்ற போலந்து நாட்டுப் பாதிரியார் பட்டு நூலைப் பல அடுக்காக நெய்து குண்டு தடுக்கும் சட்டை செய்து காட்டினார். ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தையைப் பார்த்த நமக்கு இது இனிப்பான செய்திதான். ஆனால் அந்தக் காலத்துத் துப்பாக்கி வேகத்துக்குத்தான் பட்டு ஈடு கொடுத்தது.

1965இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற பெண் விஞ்ஞானி, மோட்டார் டயருக்கு எடை குறைந்த, உறுதியான இழை தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த கரைசல் மோர் போல நீர்த்து, கலங்கலாக இருந்தது. வேறொருவராக இருந்தால் கொட்டியிருப்பார். நூற்கும் இயந்திரத்தின் நுண்துளை அடைத்துவிடும் என்று அதை இயக்குபவர் முதலில் தயங்கினார். அம்மையார் விடவில்லை. நூற்று வந்த இழை, எடைக்கு எடை எஃகைப் போல ஐந்து மடங்கு வலிமை காட்டியது. 1970களின் தொடக்கத்தில் அது கெவ்லார் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2014இல் தொண்ணூறு வயதில் அவர் காலமானார்.

இதன் சூட்சுமம் என்ன? நைலானின் மூலக்கூறு வெந்த சேமியா மாதிரி. வளைந்து சுருண்டு கிடக்கும். கெவ்லாரின் மூலக்கூறோ வளையாத குச்சி. தீப்பெட்டிக்குள் குச்சிகள் அடுக்கியிருப்பது போல அவை கரைசலிலேயே வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்துக் குச்சியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்தும் கொள்கின்றன. இழுத்தால் அத்தனையும் சேர்ந்து தாங்கும்.

குண்டு வந்து மோதும்போது அது சுவரில் மோதுவது போல நிற்பதில்லை. வலையில் விழுந்த பந்து மாதிரி என்று தங்கைக்குச் சொன்னேன். கைத்துப்பாக்கிக் குண்டு நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் வரும். இழையில் அதிர்வு பரவும் வேகமோ நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே குண்டு தொட்ட இடத்து நூல் மட்டும் தனியே பாரம் சுமப்பதில்லை. தூரத்து நூலும் பங்குக்கு வந்துவிடுகிறது. அடுக்கடுக்காகக் குண்டு வேகம் இழந்து, நசுங்கி நின்றுவிடும். ஆனாலும் துணி உள்பக்கம் குழிந்து மார்பை இடிக்கும். அமெரிக்கத் தரச் சோதனையில் சட்டைக்குப் பின்னே களிமண் வைத்துச் சுட்டு, குழி 44 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அளக்கிறார்கள்.

இங்கேதான் தங்கையிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஏ.கே.47 குண்டு நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் பாயும். அதைத் துணி மட்டும் தடுக்காது. முன்னால் பீங்கான் தட்டு வேண்டும். தட்டு குண்டின் முனையை உடைக்கும். உடைந்த சில்லுகளைப் பின்னாலுள்ள இழை பிடிக்கும். தட்டைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு திரிந்தால் பாதிச் சட்டைதான் போட்டதாகும். தலைக்கவசமும் பெரும்பாலும் வெடிச் சில்லுகளுக்கும் கைத்துப்பாக்கிக்குமானது. 2016இல் நம் ராணுவம் கான்பூரின் எம்.கே.யு. நிறுவனத்திடம் வாங்க ஒப்பந்தம் போட்ட 1,58,000 கவசங்களும் 9 மில்லிமீட்டர் குண்டைத் தாங்குபவை. அதே ஆண்டு 50,000 சட்டைகளுக்கான ஒப்பந்தம் பெங்களூரின் டாடா அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸுக்குக் கிடைத்தது. நம் ஊர் ஆட்களின் கை பட்ட சட்டை என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு.

இப்போது பாலிஎதிலீன் இழையும் வந்துவிட்டது. கடைக்காரர் கொடுக்கும் கேரி பேக்கின் குடும்பம்தான். மூலக்கூறு மட்டும் மிக மிக நீளம். தண்ணீரில் மிதக்கும் அளவு லேசு. ஆனால் 150 டிகிரி வெப்பத்துக்குள்ளாகவே உருகிவிடும். கெவ்லார் உருகாது, அதற்கு வெயில் ஆகாது. எங்கள் பட்டறையில் துணிச் சுருளைக் கருப்பு பாலிதீனில் சுற்றியே வைப்போம். ஒருமுறை ஜன்னலோரம் விட்ட துண்டு சில வாரங்களில் பழுப்பேறிவிட்டது. மேஸ்திரி அதைக் குப்பையில் போடச் சொன்னார்.

ஜப்பானில் தயாரான ஜைலான் இழை கெவ்லாரையும் மிஞ்சிய வலிமை கொண்டது. எல்லோரும் கொண்டாடினார்கள். 2003இல் அமெரிக்காவில் ஒரு காவலரின் ஜைலான் சட்டையைக் குண்டு துளைத்துவிட்டது. ஈரமும் வெப்பமும் அந்த இழையை உள்ளுக்குள்ளேயே அரித்திருந்தன. 2005இல் அந்த நாட்டு நீதி ஆய்வு நிறுவனம் அதற்குக் கொடுத்த தரச் சான்றை விலக்கிக்கொண்டது. வியர்வை ஊறும் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பொருளை, புதிதாக இருக்கும்போது மட்டும் சுட்டுப் பார்த்தால் போதாதுதானே?

இதைக் கேட்டுத் தங்கை முகம் வாடியது. ஜைலான் நம் பையன்கள் போடுவதில்லை என்று தேற்றினேன். "அப்ப சட்டையைத் துவைக்கலாமா?" என்றாள். மேலுறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம், உள்ளே உள்ள இழைப் பலகையை நனைக்காமல், மடிக்காமல், வெயிலில் காயப்போடாமல் வைக்க வேண்டும் என்றேன். அத்தனையையும் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து மகனுக்கு அனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. அவளே கொண்டுவந்து என் காதருகே வைத்தாள். "சரிம்மா. ஆனா இது போட்டுட்டு நடந்தா முதுகு ஒடியுதுன்னு மாமாகிட்ட சொல்லு."

"கனக்குதா? அப்ப பையன் தட்டைக் கழட்டலை" என்றேன். அவள் இன்னொரு முறை அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பது நினைவுக்கு வந்து எழுந்து போனாள்.