பஸ் பாஸ் வேண்டாம், டயர் வாங்குங்கள்

கேள்வி: ஆசைப்பட்டு டொயோட்டா ஜிஆர்86 வாங்கினேன். பின்சக்கர இழுவைக் கார் பனிக்கு ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். குளிர்காலம் முழுக்க மூடித்தான் வைக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், மொன்றியல்

வேண்டாம். உங்கள் காரில் 18 அங்குலச் சக்கரமும் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 டயரும் இருந்தால், பிரச்சினை அந்தக் கோடை டயர்தான். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதன் ரப்பர் விறைக்கத் தொடங்கும். பனி விழவே தேவையில்லை.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கையும் மாற்றுங்கள். இழுவை பின்னால்தானே என்று இரண்டை மட்டும் மாற்றினால் கார் கிளம்பிவிடும். திரும்பவும் நிற்கவும் முன்டயர் ஒத்துழைக்காது. அடிப்படை மாடலுக்கு வரும் 17 அங்குல ரிம்மில், 215/45 அளவில் தனி செட்டாக வைத்துக்கொள்வது நல்லது. டயரின் பக்கச்சுவர் உயர்வதால் குழிகளில் ரிம் தப்பும் (மொன்றியல் குழிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன!). பிரெம்போ பிரேக் உள்ள கார் என்றால் மட்டும், பொருந்துகிறதா என்று கடையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கிளம்பும்போது ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்னோ மோட், மேனுவல் என்றால் இரண்டாவது கியர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வால் விலகினால் ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, போக வேண்டிய பக்கம் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வழுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டுச் சாகசம் செய்யும் ஆசை கோடைக்கே இருக்கட்டும். குளிர ஆரம்பித்ததும் டயர் காற்றையும் பாருங்கள். சுமார் 5 டிகிரி இறங்கினால் 1 பிஎஸ்ஐ குறையும்.