டெக்சஸ் துப்பாக்கி நியூ ஜெர்சிக்கு வரலாமா?

கேள்வி: பன்னிரண்டு வருடமாக டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறேன். கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. வரும் ஜூன் மாதம் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடிபெயர்கிறோம். என்னிடம் 17 தோட்டா கொள்ளும் மேகசினுடன் ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கியும், ஒரு ஏஆர்-15 ரைஃபிளும் இருக்கின்றன. இரண்டும் கடையில் முறைப்படி வாங்கியவை. டெக்சஸ் லைசென்சும் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் ரேஞ்சுக்குப் போய் ஐம்பது ரவுண்டு சுட்டுவிட்டு வருவது பழக்கமாகிவிட்டது. எடிசன் பக்கம் ரேஞ்சை எப்படித் தேடுவது? துப்பாக்கிகளைக் காரிலேயே கொண்டுவரலாமா? எங்கே பதிய வேண்டும்? என் மனைவியின் தம்பி அங்கே எச்-1பி விசாவில் இருக்கிறான். போன தீபாவளிக்கு இங்கே வந்தபோது என்னோடு ரேஞ்சுக்கு வந்து நன்றாகவே சுட்டான். அங்கே வந்ததும் இருவரும் சேர்ந்து போகலாம் என்றிருக்கிறோம்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அங்கேதான்.

எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். டெக்சஸானாலும் நியூ ஜெர்சியானாலும் இதில் வித்தியாசம் இல்லை. மத்தியச் சட்டத்தின் 18ஆம் தலைப்பில் 922ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 2022இல் தண்டனையின் உச்ச வரம்பை 15 ஆண்டாக உயர்த்திவிட்டார்கள். சொந்தமாக வாங்கினால்தானே குற்றம், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டால் என்ன என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. அந்த அரை மணி நேரமும் துப்பாக்கி உங்கள் கையில்தான் இருக்கிறது. சட்டம் பார்ப்பது அதைத்தான். தற்காலிக விசாக்காரர் என்று தெரிந்தே கையில் கொடுப்பவருக்கும் அதே பிரிவில் வழக்கு உண்டு. அப்படியானால் தீபாவளியன்று உங்கள் மைத்துனர் மட்டும் சிக்கவில்லை, நீங்களும் சேர்ந்துதான்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்று எண்ண வேண்டாம். ஐக்கிய அரபு எமிரேட்ஸிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் படிக்க வந்த ரெஹைஃப் என்ற மாணவரைக் கல்லூரி நீக்கியது, மாணவர் விசா தகுதியும் போனது. அதன் பிறகு அவர் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மைத்துனருக்கு இது பெரிய ஆறுதல் இல்லை. தான் எச்-1பியில் இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன?

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கலாம். நியூ ஜெர்சியில் அந்த லைசென்சுக்கு முன்பு வேட்டைக்காரர் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். ஆசை இருந்தால் உங்கள் மைத்துனர் அந்த வழியில் வரட்டும். லைசென்ஸ் அட்டை கைக்கு வரும் நாள்வரை ரேஞ்சின் பக்கமே கூட்டிப்போக வேண்டாம். நாளைக்கு வேலை போய் விசா தகுதியும் போனால் வேட்டை லைசென்ஸ் அவரைக் காப்பாற்றாது, அதையும் சொல்லிவையுங்கள்.

தீபாவளியன்று நடந்ததைப் பற்றி இனி யாருக்கும் எழுத வேண்டாம், எனக்கும் வேண்டாம். வாசகர் கடிதத்துக்கு வழக்கறிஞர்-கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பு கிடையாது. நாளை அவர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது, கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்ததுண்டா என்ற கேள்வி படிவத்தில் வரும். பொய் எழுதினால் அது தனிக் குற்றம். அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அவர் தனியே, நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி உங்கள் விஷயம். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் டெக்சஸில் பழகிய கண்ணோடு நியூ ஜெர்சியைப் பார்த்துவிடாதீர்கள். 2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் 21 வயதான, வேறு தடை இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். நியூ ஜெர்சியில் அதே கைத்துப்பாக்கி, அந்த மாநில அனுமதியில்லாமல், சட்டம் சொன்ன முறையிலும் இல்லாமல் உங்களிடம் இருந்தால் இரண்டாம் நிலைக் குற்றம்: 5 முதல் 10 ஆண்டு சிறை. அதில் குறைந்தது 42 மாதம் பரோலுக்கே வழியில்லை. வேறு எந்த மாநிலத்தின் லைசென்சையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. 2013இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஷனீன் ஆலன் என்ற இளம் தாய், பென்சில்வேனியா லைசென்ஸ் இங்கேயும் செல்லும் என்று நம்பி, வண்டியை நிறுத்திய போலீஸ்காரரிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். உடனே கைது. 2015இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கியபோதுதான் அவருக்கு முழு விடிவு வந்தது.

ஷனீன் அமெரிக்கக் குடிமகள். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் சிறையோடு முடியாது. துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வாங்கியதாகவோ வைத்திருந்ததாகவோ எந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றாலும், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. எடிசனில் வாங்கப்போகும் வீடு, பள்ளிக்குப் போகும் குழந்தை, எல்லாம் ஒரு துப்பாக்கியில் தொங்கும். என் மேசைக்கு இந்த மாதிரிக் கோப்புகள் வருகின்றன. அவர்களில் ஒருவரும் முரடர் இல்லை. உங்களைப் போல் கடையில் ரசீதோடு வாங்கியவர்கள்தான்.

ஆகவே ஏஆர்-15ஐக் கொண்டுவராதீர்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நியூ ஜெர்சி சில வகைத் துப்பாக்கிகளைப் பெயர் சொல்லியும், அவற்றைப் போன்றவற்றைப் பொதுவாகவும் தடை செய்திருக்கிறது. நீட்டிச் சுருக்கும் பின்கட்டை, பிஸ்டல் பிடி, கழற்றி மாட்டும் மேகசின் என்று டெக்சஸ் கடைகளில் சாதாரணமாக விற்கும் ரைஃபிள் அந்த வலையில் விழும். உங்கள் 17 தோட்டா மேகசினும் வரக்கூடாது. 2018 முதல் இங்கே வரம்பு 10 தோட்டா. இந்தத் தடைகளை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் போய்க்கொண்டிருக்கின்றன என்பது உண்மைதான். அவற்றை நம்பி வண்டியில் ஏற்றிவிடாதீர்கள், தீர்ப்பு வரும் வரை சட்டத்தின் கத்தி உங்கள் கழுத்தில்தான் இருக்கும். ரைஃபிளையும் மேகசின்களையும் டெக்சஸ்வாசியாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். குடிபெயர்ந்த பிறகு டெக்சஸ் நண்பருக்கு நேரடியாக விற்க மத்தியச் சட்டம் விடாது, லைசென்ஸ் உள்ள கடை வழியாகத்தான் போக வேண்டும். கைத்துப்பாக்கிக்கு 10 தோட்டா மேகசின் இரண்டை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். முனை குழிந்த தோட்டாக்கள் மிச்சம் இருந்தால் கிளம்புவதற்கு முன் ரேஞ்சிலேயே சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், பிரையன் ஐட்கன் என்பவரின் வழக்கு உங்கள் கதையைப் போன்றதுதான். கொலராடோவில் முறையாக வாங்கிய கைத்துப்பாக்கிகளோடு நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தார். 2009இல் வேறொரு காரணத்துக்காக வந்த போலீஸ் அவருடைய கார் டிக்கியைத் திறந்தது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிமாறும்போது துப்பாக்கியைக் கொண்டுபோகலாம் என்று நியூ ஜெர்சிச் சட்டமே விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கை ஜூரிக்குச் சொல்ல நீதிபதி மறுத்தார். 2010இல் 7 ஆண்டு சிறை. அந்த ஆண்டு டிசம்பரில் ஆளுநர் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துப்பாக்கி, மேகசின் குற்றங்களை ரத்து செய்தது. முனை குழிந்த தோட்டா வைத்திருந்த குற்றம் மட்டும் நின்றது. அதற்கும் சேர்த்து முழு மன்னிப்பு வர 2018 ஆயிற்று. ஒன்பது ஆண்டு! விலக்கு சட்டத்தில் இருப்பது வேறு, அது நமக்குப் பொருந்தும் என்பதை நிரூபிக்கும் நிலையில் இருப்பது வேறு. வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலை மாற்றக் கடிதம், துப்பாக்கி வாங்கிய ரசீது மூன்றையும் அச்செடுத்துக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். பொருட்களை ஒரு வாரம் நண்பர் வீட்டில், ஒரு வாரம் ஹோட்டலில் என்று அலையவிடாமல் நேராகப் புது வீட்டில் இறக்குங்கள்.

காரில் வருவதற்கு 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி என்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். க்ளவ் பாக்ஸும் நடு கன்சோலும் கணக்கில் வராது. இந்தப் பாதுகாப்பு, கிளம்பும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கி சட்டப்படி இருக்கலாம் என்றால் மட்டும்தான். உங்கள் ஏஆர்-15க்கு நியூ ஜெர்சியில் இடமில்லை, அதனால் வழிநெடுக அதற்குப் பாதுகாப்பும் இல்லை. விமானத்தை நினைத்தால் யூட்டாவிலிருந்து வந்த ஒரு பயணியை நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு விமானம் தவறி நெவார்க்கில் ஒரு இரவு தங்க நேர்ந்தது. பெட்டியைக் கையில் வாங்கி ஹோட்டலுக்குப் போய், காலையில் திரும்பக் கொடுக்கும்போது கைதானார். பெட்டி கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் மத்தியச் சட்டம் அவரைக் காக்காது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எடிசனில் குடியேறியதும் உங்களுக்கு 60 நாள் கெடு. 2022இல் வந்த சட்டம் இது. அதற்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும், வெளி மாநிலத்தில் வாங்கிய கைத்துப்பாக்கியையும் பதிய வேண்டும். விண்ணப்பம் மாநிலப் போலீசின் இணையவழியில், முடிவு எடுப்பது எடிசன் காவல் துறை. கைரேகை, மனநலப் பதிவுகளைப் பார்க்க ஒப்புதல், உங்களை நன்கறிந்த இரண்டு பேரின் பரிந்துரை, 50 டாலர் கட்டணம். ஊருக்குப் புதிது என்பதால் பரிந்துரைக்கு ஆள் தேடுவதில்தான் நாள் ஓடும், டெக்சஸ் நண்பர்கள் இருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அட்டை வரும் வரை கைத்துப்பாக்கித் தோட்டாகூடக் கடையில் கிடைக்காது. இடுப்பில் வைத்துக்கொண்டு போவதற்கான அனுமதி வேறு விண்ணப்பம், வேறு பயிற்சி, 200 டாலர். உங்கள் தேவை ரேஞ்ச் மட்டும் என்றால் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

மெரினாவில் பலூன் சுட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு சொல்: அதைப் போன்ற பெல்லட் துப்பாக்கியும் நியூ ஜெர்சியில் துப்பாக்கிதான். மகனுக்கு டெக்சஸில் வாங்கிக்கொடுத்தது ஏதும் இருந்தால் அதையும் யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

ரேஞ்சுக்கு வருகிறேன். எடிசனிலிருந்து ஒரு மணி நேரச் சுற்றளவில் யூனியன், உட்லண்ட் பார்க், ரேண்டால்ஃப், லேக்வுட் ஊர்களில் கட்டணம் செலுத்திச் சுடும் உள்ளரங்குகள் உண்டு. துப்பாக்கி வாடகைக்குத் தனியாக வரும் புதியவரைப் பல அரங்குகள் அனுமதிப்பதில்லை. தற்கொலை பற்றிய பயம்தான் காரணம், அந்த விதியை நான் மதிக்கிறேன். மாநில வனவிலங்குத் துறை கிளிண்டன், அசன்பிங்க் போன்ற காடுகளில் மைதானங்களை நடத்துகிறது. வேட்டை லைசென்சோ மைதான அனுமதிச் சீட்டோ வேண்டும். எந்த மைதானத்தில் எந்த வகைத் துப்பாக்கிக்கு இடம் என்பது மாறும், கைத்துப்பாக்கியோடு கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். நீண்ட நாள் சுடப்போகிறீர்கள் என்றால் ஒரு கிளப்பில் உறுப்பினராவது நல்லது என்பேன். சசெக்ஸ் மாவட்டத்தில் மாநிலத் துப்பாக்கி கிளப்புகளின் சங்கம் நடத்தும் செர்ரி ரிட்ஜ் அப்படி ஒன்று. எங்கே சேர்ந்தாலும், அந்தக் கிளப் தன் சாசனத்தை மாநிலப் போலீசிடம் தாக்கல் செய்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டெக்சஸ் போல நண்பரின் பண்ணையில் பானையை வைத்துச் சுடுவதெல்லாம் இங்கே நினைக்கவே வேண்டாம்.

ரேஞ்சுக்குப் போகும் வழியில் துப்பாக்கி தோட்டா இல்லாமல், மூடிக் கட்டிய பெட்டியிலோ பூட்டிய டிக்கியிலோ இருக்க வேண்டும். நேராகப் போய் நேராக வர வேண்டும். நியாயமான தேவைக்கு மட்டும்தான் வழி மாறலாம். பெட்ரோல் போடலாம். திரும்பும் வழியில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவிலில் இறங்கிக் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு வருவது நியாயமான தேவையா என்று ஒரு நீதிபதி முடிவு செய்யும் நிலையை ஏற்படுத்த வேண்டாம். வீட்டில் துப்பாக்கியை வைத்துவிட்டு, குடும்பத்தோடு மறுபடி கிளம்புங்கள்.