தறிக்குழியை மூடச் சொல்லாதே

ஆரணியில் பத்திரம் எழுத வந்திருக்கும் தம்பிக்கு,

லைசென்ஸ் வாங்கி மேசை போட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். முதல் கிரயமே ஒரு நெசவாளி வீடாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

முத்திரைக் கட்டணமும் உன் கூலியும் வாங்குகிறவர் கொடுப்பது. அதனால் நம்மையறியாமல் அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம். விற்கிறவர் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவோம். நாற்பது வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். வீட்டு விற்பனை கெட்டுப்போவது பதிவன்று இல்லை தம்பி, அட்வான்ஸ் கைமாறிய அன்று. கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ, அந்தப் பணம் ஒரே வாரத்தில் கரைந்துவிடும். அதற்குப் பிறகுதான் தாய்ப்பத்திரம் எங்கே என்று பெட்டியைக் கிளறுவார்கள். அட்வான்ஸுக்கு முன்னால் உன்னிடம் ஒருமுறை வரச் சொல்.

வந்தால் முதலில் கேட்க வேண்டியது பட்டா இல்லை. கூடப்பிறந்த பெண்கள் எத்தனை பேர் என்று கேள். "கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சுங்க" என்பார் அண்ணன்காரர். செய்த சீருக்கும் சொத்தில் உள்ள பங்குக்கும் சம்பந்தமில்லை. மகள்களின் பங்கு என்றாலே 2005 சட்டத் திருத்தம், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதெல்லாம் பூர்வீகச் சொத்தின் கதை. நம் ஊரில் பல வீடுகள் அப்பா தறியில் உட்கார்ந்து சம்பாதித்து வாங்கியவை. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956-லேயே வந்த சட்டம். அந்தப் பெண்களைத் தேடிப்பிடித்து கிரயப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுப்பவர்களாகச் சேர்த்துவிடு. தனியாக விடுதலைப் பத்திரம் போடும் செலவு மிச்சம்.

வில்லங்கச் சான்று போடும்போது பழைய பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருப்பதைப் பார்த்துக் குழம்பாதே. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல். ஆனால் அந்தச் சான்றில் ஏறாத வில்லங்கமும் உண்டு. பாவும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குத் தாய்ப்பத்திரத்தையே அடகு வைத்திருப்பார்கள். எந்த ரிஜிஸ்டரிலும் அது இருக்காது. அசல் பத்திரத்தை உன் கண்ணால் பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதே.

இன்னொன்று, எனக்கே நடந்தது. மூலப் பத்திரத்தில் "கிழமேல் 18 அடி, தென்வடல் 72 அடி" என்றிருந்ததை அப்படியே காப்பியடித்தேன். நேரில் போகவில்லை. பின்கட்டில் கடைசி ஆறடி எப்போதோ பொதுச் சந்தாகிவிட்டது. வாங்கியவர் சுவர் எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்றவரின் கையெழுத்து வேண்டும். அதற்குள் அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார், ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் கட்டணம் நான் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

அப்படி நேரில் போகும்போது தறிக்குழியைப் பார். "அதை மூடி டைல்ஸ் போட்டால் இரண்டு லட்சம் கூட வரும்" என்று எந்த புரோக்கரும் சொல்வார். அவசரமாக மண் கொட்டி மூடிய குழி அடுத்த மழையில் இறங்கும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் வருடச் சொத்துரிமை மாற்றுச் சட்டம். குழி திறந்தே இருக்கட்டும், மழைக்காலத்தில் நீர் ஊறுமென்றால் அதையும் சொல்லிவிடட்டும். தறி, ஜக்கார்டு பெட்டி, அச்சு இவை வீட்டோடு போகிறதா இல்லையா என்று பத்திரத்தில் ஒரு வரி எழுது. இந்த ஒரு வரி இல்லாமல் நடந்த சண்டைகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒப்பந்தம் போட்டால் பதிவு செய். 2012 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் அது கட்டாயம். முத்திரை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்றதும் தொகையைக் குறைத்து எழுதி மீதியைக் கையில் கொடுக்கிறேன் என்பார்கள். வீடு விற்ற பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விற்கிறவர் தலையில் விழும். டிடி எண், தேதி, வங்கி மூன்றையும் பத்திரத்தில் ஏற்று. முழுப் பணமும் சேர்ந்த பிறகே விரல் ரேகை.

பதிவோடு வேலை முடியவில்லை. பட்டாவும் வீட்டு வரியும் பெயர் மாற வேண்டும். மின் இணைப்பை மறந்துவிடுவார்கள். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். தறி போன பிறகும் பழைய பெயரில் அது ஓடினால் கேள்வி விற்றவரிடம்தான் வரும்.

டேப்பை எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போ. வந்ததும், பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்.