கம்பு தோசை: எவ்வளவு, எப்படி?

ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கம்பு ஐப்பசிவாக்கில் களத்துக்கு வந்துவிடும். பல வீடுகளில் மூட்டை முழுவதும் வியாபாரிக்குப் போகிறது. காலைப் பலகாரத்துக்குக் கடையில் அரிசி மாவு வாங்கப்படுகிறது. விளைந்ததில் நான்கைந்து மரக்காலை வீட்டுக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது.

காரணம் இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கம்பில் இரும்புச் சத்து சுமார் 6.4 மில்லிகிராம், நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல். தீட்டிய பச்சரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை; நார்ச்சத்தும் 3 கிராமுக்குள்தான். இரத்தச் சோகை உள்ள பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது சிறிய வித்தியாசம் அல்ல.

சமையலுக்கு எடுக்குமுன் ஒரு எச்சரிக்கை. கதிர் விடும் சமயம் மழை பிடித்திருந்தால் தேன் ஒழுகல் நோய் வந்திருக்கும். அத்தகைய கம்பில் தானியத்தோடு கருமையான, நீண்ட பூசண முடிச்சுகள் கலந்திருக்கும். இவை நஞ்சு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் உண்டாக்கும். 10 லிட்டர் நீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து அதில் தானியத்தைக் கொட்டினால் முடிச்சுகளும் பொக்குகளும் மிதக்கும். அவற்றை அரித்து எடுத்து எரித்துவிட வேண்டும். அடியில் தங்கியதை நல்ல நீரில் மூன்று முறை கழுவி உலர்த்தலாம். நோய் அதிகம் தாக்கிய கம்பை உணவுக்கே எடுக்கக் கூடாது. மருந்து கலந்த விதையில் மீதியானதை எத்தனை முறை கழுவினாலும் உண்ணலாகாது. கோழிக்கும் போடக் கூடாது.

சுத்தம் செய்த கம்பில் லேசாக நீர் தெளித்து, உரலில் குத்திப் புடைத்தால் உமி போய்விடும். அதற்கு மேல் தீட்ட வேண்டாம். கம்பு மூன்று ஆழாக்குக்குத் தோலுடன் கூடிய கறுப்பு உளுந்து ஒரு ஆழாக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி போதும். கம்பை எட்டு மணி நேரமும், உளுந்தையும் வெந்தயத்தையும் நான்கு மணி நேரமும் ஊற வைக்க வேண்டும். கம்பை மையாக அரைக்காமல், கைக்கு நெருநெருவென்று இருக்கும் பதத்தில் எடுப்பது நல்லது. மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாக இரத்தத்தில் சர்க்கரை ஏறும். உப்பிட்டு இரவு முழுவதும் புளிக்க விட்டால், இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் பொருள் ஓரளவு குறையும்.

இந்த அளவு மாவில் நடுத்தரத் தோசை 16 முதல் 18 வரை வரும். வயலில் இறங்கி உழைப்பவருக்கு மூன்று நான்கு சாப்பிடலாம். நிழலில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இரண்டு போதும். கம்பு என்பதால் சர்க்கரை நோயாளிகள் கணக்கில்லாமல் தின்னலாம் என்ற பேச்சு தவறு. அரிசியைப் போலவே கம்பிலும் பெரும் பங்கு மாவுச் சத்துதான். இட்லிக்குப் பதிலாகத் தோசை என்பதே சரி. இட்லியோடு தோசையும் என்றால் பலனில்லை. மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் உணவின் அளவை மாற்றுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோசை ஒன்றுக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் தாராளம். நெய்யை ஊற்றி முறுகலாக்கி, உள்ளே உருளைக்கிழங்கும் வைத்தால் கம்பின் பெயர்தான் மிச்சம். தொட்டுக்கொள்ளப் பாசிப்பயற்றுக் கடைசல், முருங்கைக்கீரைச் சாம்பார், நெல்லிக்காய்த் துவையல் போன்றவை ஏற்றவை. நெல்லி, தக்காளி, எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்பு இரும்பை உடலில் சேர்க்கும். கூடவே குடிக்கும் காப்பியும் தேநீரும் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும்.

அவசரத்துக்கு மாவாகத் திரித்து வைப்பவர்கள் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் திரிக்கட்டும். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துக் கைத்துப்போகும். முழுத் தானியமாக, பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும் அளவுக்குக் காய வைத்தால் பல மாதம் இருக்கும்.