கன்றுக் கொடையும் நால்வகைத் தானமும்

இல்லறத்தார்க்குரிய அறுவகை நாட்கடமைகளுள் தானமும் ஒன்றாதலை நாம் அறிவோம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என அது நால்வகைப்படும். தக்க பாத்திரமாகிய துறவோர்க்கு ஈவது பாத்திரதத்தி. தம்மை ஒத்த இல்லறத்தார்க்கு ஈவது சமதத்தி. இவற்றை ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் வேறுபிரித்துக் காட்டுகிறது. அண்டை வீட்டாருக்கு ஒரு முருங்கைக் கொம்போ, கொய்யாப் பதியமோ, ஒரு கைப்பிடிக் கீரைத்தண்டோ கொடுப்பது பின்னதைச் சார்ந்ததாகும். சிறு செயலே ஆயினும், முறையறிந்து செய்தால் நால்வகைத் தானத்தின் சாயலும் அதில் அமையும்; அறியாது செய்தால் இம்சைக்கு வித்தாகவும் முடியும். இரண்டையும் இங்குச் சிந்திப்போம்.

எதனை எவ்வாறு பகிர்வது?

விதையால் வரும் பழமரம் தாய்மரத்தின் இயல்பினின்றும் வேறுபடக்கூடும். கொம்பு, பதியம், ஒட்டு ஆகியவற்றால் வருவனவோ தாய்மரத்தின் சுவையை மாறாமல் தரும். ஆதலின் நல்ல மரம் ஒன்று ஓர் இல்லத்தில் இருப்பின், அது தெரு முழுமைக்கும் பயன்படலாம்.

மரமுருங்கைக்கு மணிக்கட்டுப் பருமனும் 3 அடி நீளமும் உள்ள முற்றிய போத்து ஏற்றது. ஆனி முதல் ஆவணி வரை நடலாம். செடிமுருங்கைக்கு விதையே போதும். மாதுளைக்கு ஓராண்டு முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள கொம்பை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி நடுதல் வேண்டும். கொய்யாக் கொம்பு எளிதில் வேர்விடாது. அதற்கு விண்பதியமே சிறந்தது. கிளையில் 1 அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னைநார்க் கழிவை வைத்து, பாலிதீன் தாளால் இறுகக் கட்டினால், ஒன்றரை மாத அளவில் வேர் தோன்றும். அதன் பின்னரே கிளையை அறுத்தெடுக்க வேண்டும். கறிவேப்பிலைக்கு வேரில் முளைக்கும் பக்கக்கன்றும், பசலை, பொன்னாங்கண்ணி, புதினா, தவசிக்கீரை, கற்பூரவல்லி ஆகியவற்றுக்குத் தண்டும் போதும்.

சீமையத்திக் கொம்பும் எளிதில் வேர்கொள்ளும். ஆயினும் அத்தியினக் கனிகளை உதும்பரம் என்று விலக்கிய இல்லத்திற்கு அதனைக் கொடுத்தல் தகாது. பெறுவாரின் நோன்பறிந்து ஈவதே ஈகை.

கொடையோடு செல்லும் கேடு

பழனிக் கீழ்மலையின் விருப்பாட்சி வாழை மணத்தாலும் சுவையாலும் புகழ் பெற்றது. முடிக்கொத்து நோய் பரவியதால் அவ்வாழைத் தோட்டங்கள் பெரும்பகுதி அழிந்தன. பின்னர் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டே அதனை மீட்க முயன்றனர். இந்நோய் அசுவினியாலும், நோயுற்ற தாய்வாழையின் கன்றாலும் பரவுவது. கன்று பார்வைக்கு நலமாகத் தோன்றினும் நோய்க்கிருமி அதனுள் தங்கியிருக்கும். தாய்வாழையின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்குமாயின், அம்மூட்டிலிருந்து ஒரு கன்றும் எடுத்தல் ஆகாது.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008 இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எனப் பலவற்றையும் அது பற்றியது. உழவர்கள் மருந்து தெளித்துத் தெளித்துச் சலித்தனர். 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்த பின்னரே அது தணிந்தது. ஓர் உயிரை அடக்க மற்றோர் உயிரை ஏவவேண்டிய நிலை நேர்ந்ததை எண்ணுக. இத்தகைய பூச்சிகள் தாமாக நெடுந்தொலைவு செல்வதில்லை. காற்றும் எறும்பும் மட்டுமன்றி, மனிதர் கைமாற்றும் செடிகளும் அவற்றைச் சுமந்து செல்கின்றன.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

வினை மூவழியில் வந்து பற்றும் என்பது நாம் கற்ற பாடம். பூச்சி பற்றிய கொம்பை நாம் கொடுக்க, அண்டை வீட்டார் தம் தோட்டத்தைக் காக்க நஞ்சு தெளிப்பாராயின், அங்கு மடியும் எண்ணற்ற சிற்றுயிர்களுக்கு நாம் பொறுப்பில்லை என்று கூற இயலுமா? தெளித்த கை அவருடையது, காரணம் நம்முடையது. கருத்தின்றிக் கொடுத்தோம் என்பது விடையாகாது. கவனமின்மையாகிய பிரமாதமே இம்சைக்கு வாயில் என்று நம் ஆசாரியர்கள் கூறியுள்ளனர்.

மரமும் ஓரறிவுயிரே. இல்லறத்தார் தாவர உயிர்க்கு ஊறு நேராமல் முற்றும் வாழ இயலாது. ஆயினும் பயனின்றிச் செடிகொடிகளை ஒடித்தலை அநர்த்த தண்டம் என்று சமந்தபத்திராசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம் விலக்குகிறது. கேட்டவர்க்குத் தேவையான அளவே வெட்டுக. பூவும் பிஞ்சும் தாங்கிய கிளையை விடுத்து, கவாத்தில் கழிக்கவேண்டிய கிளையையே தேர்க.

கைக்கொள்ள வேண்டுவன

1. பகல் வெளிச்சத்திலேயே வெட்டுக. இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் நோக்குக.
2. எறும்பு முதலியன இருப்பின் மெல்லிய துணியால் ஒதுக்கி, தாய்ச்செடி அருகிலேயே விடுக. மாவுப்பூச்சி கண்ட செடியிலிருந்து கொடுத்தலைத் தவிர்க்க.
3. கொய்யாவின் வேர்முடிச்சு நூற்புழு மண்ணோடு பரவும். வேர்களில் முடிச்சுக் கண்டால் அக்கன்றைக் கொடுக்க வேண்டா.
4. பெற்ற கன்றை ஒரு திங்கள் தனித்து வைத்துப் பார்த்த பின்னரே தோட்டத்தில் சேர்க்க.
5. வளர்க்கும் முறையையும் உடன் சொல்லுக.

விதை பரிமாறலாமா என்ற ஐயமும் சிலர்க்கு எழுகிறது. 2001 ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் விளைபொருளையும் விதையையும் சேமிக்கவும் பகிரவும் உரிமை தந்துள்ளது. காப்புரிமை பெற்ற இரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டும் அது விலக்குகிறது.

இவ்வாறு கொடுக்கப்பட்ட கன்றின் கனி ஆகாரமாகிறது; கற்பூரவல்லி மருந்தாகிறது; சொல்லிக்கொடுத்த முறை அறிவாகிறது; நோயற்றதாய்ச் சென்றமையால் அங்குள்ள உயிர்கட்கு அச்சமின்மையும் வாய்க்கிறது. வரும் மழைக்காலத்தில் ஒவ்வோர் இல்லமும் ஒரு நல்ல கன்றையேனும் அடுத்த இல்லத்திற்கு அளிக்குமாக!

சிறார் சிந்தனைக்கு

1. சமதத்தி என்பது யாது?
2. நோயுள்ள கன்றைக் கொடுத்தவர்க்கு வினை எவ்வழியில் வந்து சேரும்?
3. உங்கள் வீட்டிலிருந்து எந்தச் செடியை, எந்த முறையில், யாருக்குக் கொடுப்பீர்கள்?