மூன்றாம் ஆண்டின் வைத்தியர்

சிரஞ்சீவி டாக்டர் தம்பிக்கு,

ஆரணியில் நீ சொந்தமாக வைத்தியசாலை திறந்திருப்பதாகவும், சென்னையிலும் வேலூரிலும் உடற்பருமனுக்காக இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள் ஒருவர் இருவராக உன்னிடம் வரத் தொடங்கியிருப்பதாகவும், அவர்களுக்கு என்ன சொல்வதென்று விளங்காமல் சில வேளைகளில் திகைப்பதாகவும் எழுதியிருந்தாய். திகைப்பு நியாயமானதே. ஆபரேஷன் நடந்த நாள் அந்தப் பெரிய ஊர் வைத்தியருடையது. அதற்குப் பின்வரும் பத்து வருஷங்கள் உன்னுடையவை.

ஸ்லீவ் என்னும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிடுகிறார்கள். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த கிரெலின் என்னும் பசியூட்டும் சுரப்பு பெரும்பாலும் உற்பத்தியாகும் மேற்பகுதியும் அத்துடன் போய்விடுவதால், முதல் வருஷத்தில் பசி என்பதே மறந்துபோயிற்று என்று நோயாளி சொன்னால் அது மிகையன்று. அந்தக் காலத்தில் எடை தானே இறங்குகிறது. அவருடைய வைராக்கியத்துக்கோ உன் சாமர்த்தியத்துக்கோ அதில் பெரிய பங்கில்லை. ஆகையால் அந்த வருஷத்துப் பாராட்டுகளை நீ மனத்தில் ஏற்றிக்கொள்ளாதே.

ஸ்வீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் சேர்த்து நாலாயிரம் பேருக்கு மேல் நெடுங்காலம் பின்தொடர்ந்து, 2007-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. இரைப்பை பைபாஸ் என்னும் மற்றொரு முறையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருஷங்களில் தம் எடையில் 32 சதவீதத்தை இழந்தார்கள்; பத்தாம் வருஷத்தில் அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. ஆபரேஷன் இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் சராசரி எடையோ, மேலும் கீழும் 2 சதவீதத்தைத் தாண்டி அசையவே இல்லை. சிகிச்சை வீண் போவதில்லை என்பதும், இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வருவது சரீரத்தின் சுபாவம் என்பதும் இதில் ஒருங்கே தெரிகின்றன. எடை இறங்கியதும், பஞ்சம் வந்துவிட்டதாகக் கருதிக்கொள்ளும் உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொண்டு பசியை மெல்ல மீட்டெடுக்கிறது. மூன்றாம் வருஷத்தில் நாலு கிலோ கூடி வந்து, தலை குனிந்து உன் முன் உட்காருகிற மனிதரை, "நாக்கை அடக்க முடியவில்லையா?" என்று நீ ஒருமுறை கேட்டுவிட்டால், அவர் அப்புறம் உன் படியேறமாட்டார், எடை கூடுவதைக் காட்டிலும் பெரிய அபாயம் அதுதான்.

இனி ஆகாரத்துக்கு வருகிறேன். சிறுத்த இரைப்பை தடுப்பது கெட்டியான உணவை. திரவத்தை அது தடுப்பதில்லை. உன் ஊரில் குழித்தறியில் காலையில் கால் இறக்கிய பட்டு நெசவாளி நாடாவை ஓட்டிக்கொண்டே பொழுது சாயும் வரை அதே இடத்தில் இருக்கிறார். முகூர்த்த மாதங்கள் நெருங்கி, பட்டு முடிய வேண்டிய அவசரத்தில் இராத்திரியும் தறி ஓடும்போது, எழுந்து உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாமல் அவரைத் தாங்குவது தெருமுனைத் தேநீரே. இரண்டு ஸ்பூன் சர்க்கரையிட்ட பால் தேநீர் ஆறு குடித்தால் நானூறு கலோரிக்குக் குறையாது. அது இரைப்பையில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். முறுக்கு, மிக்சர், பிஸ்கட் ஆகியவையும் வாயிலேயே கரைந்து அதே வழியில் போகின்றன. "சாப்பாடு இரண்டு கரண்டிதான் சார், எடை மட்டும் ஏறுகிறது" என்று அவர் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. தேநீரை அவர் சாப்பாடென்று கணக்கிடவில்லை, அவ்வளவுதான். நீ அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, தறிப் பக்கத்தில் எத்தனை தம்ளர் வருகிறது என்பதை.

ஆரணி அரிசி ஆலைகளின் ஊரும் ஆயிற்றே. அங்கே போய்ச் சோற்றை விடு என்று உபதேசம் செய்வது வீண் பிரயாசை. வரிசையை மாற்றச் சொல். முதலில் முட்டையோ மீனோ கெட்டிப் பருப்போ சுண்டலோ, பிறகு காய்கறி, கடைசியில் இடமிருந்தால் சோறு. தினம் 60 கிராம் புரதம் அவருக்கு வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் பொட்டுக்கடலையில் ஏறக்குறைய 20 கிராம் என்று வீட்டு அம்மாளுக்கு விளங்கும்படி சொல், ஏனெனில் அடுப்பு அவர் வசம் இருக்கிறது. உண்ணும்போது தண்ணீர் வேண்டாம், அரைமணி கழித்துப் பருகட்டும். புரட்டாசி பிறந்ததும் முட்டையும் மீனும் ஒரு மாதம் நின்றுவிடும் வீடுகளில், ஆவணியிலேயே நீ பனீரையும் சோயாவையும் பற்றிப் பேசியிருக்க வேண்டும். புரதம் குறைந்தால் கரைவது தசை. தசை கரைந்தால் உடம்பின் செலவு இன்னும் சுருங்கும்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகலாமா என்று கேட்பார்கள். பதினாலு கிலோமீட்டர், தண்ணீரைச் சிறுகச் சிறுகப் பருகிக்கொண்டு தாராளமாகப் போகட்டும். ஆனால் மாதத்துக்கு ஒருநாள் நடந்துவிட்டு மற்ற இருபத்தொன்பது நாளும் தறியிலேயே இருப்பதைத் தேகப் பயிற்சி என்று ஒப்புக்கொள்ளாதே.

இரண்டு எச்சரிக்கைகள். முதுகுவலி இல்லாத நெசவாளி அரிது. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவது வழக்கம். பைபாஸ் செய்துகொண்டவருக்கு அது குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும்; பாராசிட்டமால் கொடு. மற்றது இதனினும் கொடியது: ஆபரேஷனுக்குப் பின் முதல் மாதங்களில் ஓயாமல் வாந்தியெடுத்து வருபவருக்கு, நம் ஊர்ப் பழக்கப்படி உடனே குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிடாதே. உடம்பில் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றியிருக்கும் நிலையில் குளுக்கோஸ் முந்தினால் மூளைக்கே கேடு. தயமின் ஊசியே முன்னால் போகவேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி இவை ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை. வருஷத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்.

எடை குறைந்த இளம்பெண்ணுக்கு, நின்றிருந்த மாதவிலக்குத் திரும்பியதும், வீட்டில் பேரக்குழந்தைக்கு அவசரப்படுவார்கள். 12 முதல் 18 மாதம் பொறுக்கும்படி மாமியாரிடம் நீயே சொல். மருமகள் சொன்னால் எடுபடாது.

2019–21-ஆம் வருஷத்துத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் மிகை எடையினர். 2022-இல் உடற்பருமன் ஆபரேஷனுக்கான மருத்துவச் சங்கங்கள் ஆசியர்களுக்கு ஆபரேஷன் வரம்பை 27.5 என்ற உடல் நிறை குறியீட்டுக்குத் தாழ்த்தியும் விட்டன. உன் வாசலில் கூட்டம் குறையப்போவதில்லை. ஆகவே ஒரு தனி நோட்டுப் போடு: பெயர், ஆபரேஷன் வகை, தேதி, மிகக் குறைந்த எடை. அந்தக் குறைந்த எடையிலிருந்து ஐந்து கிலோ ஏறியவுடன், நோயாளி வருவாரென்று காத்திராமல், நீயே கூப்பிட்டு அனுப்பு. இன்சுலினோ ஸ்டீராய்டோ மனநோய் மாத்திரையோ புதிதாகச் சேர்ந்ததா என்று பார். பிறகு தேநீரைக் கேள். பிறகு தூக்கத்தையும் குடியையும் கேள், ஆபரேஷனுக்குப் பின் மது சீக்கிரம் தலைக்கேறும். இவற்றால் பயனில்லாவிடில், 2025 முதல் நம் தேசத்திலும் கிடைக்கும், எடை குறைக்கும் வாராந்தர ஊசிகள் இருக்கின்றன. விலையைச் சொல்லிவிட்டு எழுது. இரைப்பையே விரிந்திருக்கலாம் என்று தோன்றினால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கடிதம் கொடுத்து அனுப்பு. பத்துக் கிலோ ஏறும் வரை பொறுக்காதே.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மூத்த வைத்தியன்